ஸர் டக்ளஸ் நிக்கல்ஸ்

ஆஸ்திரேலியா என்ற பெயரைக் கேட்டவுடன் நம் மாணவ நண்பர்களின் நினைவிற்கு வருவது கிரிக்கெட் ஆட்டமே. பிராட்மனை அறியாதார் நம் விடுதிகளில் ஒருவரும் இலர். ஆயினும் அந்நாட்டின் தென்பகுதியில், சிறப்பாக மெல்போர்ண் நகரத்தில், குளிர்காலம் பிறந்துவிட்டால் கிரிக்கெட்டை நினைப்பார் இல்லை. சிறுவரும் முதியோரும், தொழிலாளரும் துரைமாரும், தத்தம் சங்கத்தின் நிறங்களை அணிந்து உதைபந்துக் களத்தை நாடிச் செல்வர். அக்களத்தில் புகழ் பெற்ற ஒருவரது வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். அவ்வாட்டத்தில் அவரினும் வல்லவர் சிலர் இருந்தனர் என்பதை முதற்கண்ணே ஒப்புக்கொள்ளுகின்றோம். எனினும், தொடத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட ஒருவர் தம் கால்களின் விரைவு ஒன்றையே துணையாகக் கொண்டு எத்துணைத் தூரம் சென்றார் என்பதை நோக்குங்கால், வேறெவரையும் எழுத நம் உள்ளம் இசையவில்லை.

அவ்வாட்டத்தை நாம் மாலைதோறும் ஆடும் உதைபந்தாட்டத்தோடு மயங்குதல் கூடாது. பந்து உருண்டையன்று, முட்டை வடிவினது. களமும் நீள்வட்டமே. ஒரு கட்சிக்கு 18 பேர் ஆடுவர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், பிடித்துக்கொண்டு ஓடவும் செய்யலாம். ஆனால் ஓடுவோன் இடையிடையே அதனைத் தரையில் தட்டி எடுத்தல் வேண்டும். எறிதல் குற்றம். ஒரு கையில் ஏந்தி மற்றொரு கை முட்டியால் குத்தி அனுப்புதலே முறை. எல்லையில் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிரண்டின் ஊடே உதைத்தால் 6 புள்ளிகள். பக்கத்து இடைவெளியிற் சென்றால் ஒன்றே. 1858-ம் ஆண்டில் மெல்போர்ணில் தோன்றிய இவ்வாட்டத்திற்கு அடுத்த ஆண்டிலேயே விதிகள் எழுதப்பெற்றன. 1877-ல் விக்டோரியா உதைபந்து அஸோஸியேஷன் அமைந்தது. 1897-ல் அதனினின்று வலிய சங்கங்கள் எட்டுப் பிரிந்து விக்டோரியா உதைபந்து லீக் என்னும் பெயரால் ஆடத் தொடங்கின. லீகில் ஆடுதலே வீரருக்குப் பெருமை. அஸோஸியேஷன் அதற்கு அடுத்த படி. இவ்விரண்டின் வேற்றுமையை நினைவிற் கொண்டால் பின்வருவன விளங்கும்.

மர்ரே என்னும் பேராறு நியூ சௌத் வேல்ஸ் மாகாணத்தையும் விக்டோரியா மாகாணத்தையும் பிரிக்கின்றது. அதன் வடகரையில் கம்மராகஞ்சா என்றோர் ஊர் உண்டு. அந்நாட்டின் ஆதிக்குடிகளுள் யோர்த்தா யோர்த்தா என்னும் இனத்தார் அங்கே வாழ்ந்தனர். வாழ்ந்தனர் என்பதனினும், அரசாங்கம் அவர்களை அங்கே வைத்திருந்தது என்பதே பொருந்தும். அவ்வூரில் 1906-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ந் தேதி ஹெர்பர்ட் நிக்கல்ஸ், புளோரன்ஸ் என்போருக்குக் கடைசிப் பிள்ளையாக டக்ளஸ் பிறந்தார்.

அவ்வூர்ப் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை கூறாது மேற்செல்ல மனம் வரவில்லை. அங்கே நெடுங்காலம் ஆசிரியராயிருந்தவர் தாமஸ் ஷட்ராக் ஜேம்ஸ் என்பவர். இவர் மொரீசியஸ் தீவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1881-ம் ஆண்டில், ஆதிக்குடிகளிடையே தொண்டாற்றிவந்த டேனியல் மாத்யூஸ் என்பவரை மெல்போர்ண் கடற்கரையில் சந்தித்து, அவரது மலோகா மிஷனுக்குச் சென்று கற்பிக்கலானார். பின்னர் அம்மக்கள் கம்மராகஞ்சாவில் குடியேறியபோது தாமும் உடன் சென்று 1922 வரையில் அங்கேயே பணியாற்றினார். அக்குலத்துப் பெண்ணையே மணந்தார். எழுதவும் பேசவும் விண்ணப்பம் செய்யவும் அவரிடம் கற்ற மாணவர்களே பிற்காலத்தில் ஆதிக்குடிகளின் உரிமைக்காக வாதாடிய தலைவர்களாயினர். டக்ளஸும் அப்பள்ளியின் மாணவர். ஆசிரியத் தொழிலைச் சிறிதாக எண்ணும் நண்பர்கள் இம்மனிதரை நினைத்துப் பார்ப்பார்களாக.

டக்ளஸ் எட்டு வயதுச் சிறுவராயிருந்தபோது ஒரு நாள் போலீசார் ஊருக்குள் வந்தனர். ஆதிக்குடிகளின் பிள்ளைகளைப் பெற்றோரினின்று பிரித்தெடுத்துப் போக அக்காலச் சட்டம் அதிகாரிகளுக்கு இடங்கொடுத்திருந்தது. 16 வயதினளாகிய அவரது தமக்கை ஹில்டாவை அவர்கள் பலாத்காரமாகக் கொண்டுபோயினர். கூட்டமண்ட்ரா என்னும் ஊரில் இத்தகைய பெண்களுக்கென ஒரு விடுதி இருந்தது. வெள்ளையர் இல்லங்களில் ஏவல் செய்வதற்கு அங்கே பழக்குவார்கள். பாதுகாப்பு என்பது அச்சட்டத்தின் பெயர். தாயின் கையினின்று மகளைப் பறிப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயரிட்டவர்களின் சொல்வன்மையை என்னென்பது! அக்காட்சியைத் தம் கண்ணாற் கண்ட சிறுவர் அதனை ஆயுள் முழுதும் மறந்தாரில்லை.

பதினான்கு வயதளவில் படிப்பு நின்றது. ஆட்டுப் பண்ணைகளில் உரோமம் கத்தரிக்கும் காலத்தில் கத்திரி பட்ட காயங்களுக்குக் கீல் பூசும் பையனாக வேலை செய்தார்; பிற கூலிவேலைகளும் செய்தார். கம்மராகஞ்சாவில் உதைபந்தாட்டம் ஊரார் அனைவருக்கும் உயிர். அவ்வூர்க் கட்சி சுற்றுவட்டாரத்தில் அஞ்சத்தக்கதாயிருந்தது. அருகிலுள்ள டொங்காலா என்னும் ஊரின் கட்சியில் டக்ளஸ் ஆடலானார். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலமே. ஆயினும் ஓடத் தொடங்கினால் பின்தொடர்வார் அரியர்.

1927-ம் ஆண்டில் அவர் மெல்போர்ணுக்குச் சென்று லீகின் பெரிய சங்கங்களுள் ஒன்றாகிய கார்ல்டனில் இடம் நாடினார். ஆட்டத்திற்குப்பின் வீரர்களின் கைகால்களை எண்ணெயிட்டுப் பிடித்துவிடுவதற்கென ஒவ்வொரு சங்கத்திலும் ஆட்கள் உண்டு. கார்ல்டனில் அவ்வாட்கள் டக்ளஸின் உடலைத் தொட மறுத்தனர். காரணம் அவரது நிறம். உடனாடுவோர் சிலரும் அவர் அருகில் இருத்தலை வெறுத்தனர். சங்கத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இச்செய்தியை வாசிக்கும்போது, கடல்களுக்கு அப்பாலுள்ள எவரோ செய்த கொடுமை இது என்று நாம் எளிதாக முகஞ்சுளித்துவிட முடியுமா? தொட்டால் தீட்டு என்பதை உலகுக்குக் கற்பித்துக் கொடுக்கக்கூடிய நாட்டிலே அன்றோ நாம் பிறந்திருக்கின்றோம்!

லீக் தள்ளியதை அஸோஸியேஷன் ஏற்றது. நார்த்கோட் என்னும் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆட்டக்களத்தைப் பேணும் வேலையும் கொடுத்தது. வாரநாட்களில் புல்லைச் செப்பஞ்செய்த கைகளே சனிக்கிழமைகளில் அப்புல்லின்மேல் பந்தைப் பிடித்தன. களத்தின் பக்கப்பகுதியில், விங் என்று வழங்கும் நீண்ட ஓட்டத்திற்குரிய இடத்தில் அவர் நின்றார். 1929-ம் ஆண்டில் நார்த்கோட் கட்சி அஸோஸியேஷனின் முதன்மையை வென்றது. அவ்வெற்றியில் அவரது பங்கு பெரிது. ஓட்டப் பந்தயங்களிலும் பரிசு பெற்றார். நையா, வாரக்னபீல் என்னும் ஊர்களின் பெரும் பந்தயங்கள் இரண்டையும் வென்றார். ஜிம்மி ஷார்மன் என்பவர் ஊர் ஊராகக் கூடாரமிட்டு நடத்திய குத்துச்சண்டைக் கூட்டத்திலும் சில காலம் சேர்ந்திருந்தார். வயிறு நிரம்ப வேண்டுமே!

1932-ல் லீகின் கதவு மறுபடியும் திறந்தது. இம்முறை அழைத்தது ஃபிட்ஸ்ராய்ச் சங்கம். முதல் நாள் உடைமாற்றும் அறையில் அவர் ஒரு மூலையில் தனித்து ஒதுங்கியிருந்தார். கார்ல்டனில் பட்டது நினைவிலிருந்தது போலும். அப்போது ஹேடன் பண்டன் என்பவர் தம் பொருள்களை எடுத்துக்கொண்டு அவர் அருகில் வந்து அமர்ந்து உடைமாற்றிக்கொண்டார். பண்டன் யாரெனில், லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கு அளிக்கப்படும் பிரௌன்லோ பதக்கத்தை 1931, 1932, 1935 ஆகிய மூன்றாண்டுகளில் பெற்றவர். ஆடுவோர் அனைவரிலும் மேலாகப் போற்றப்பட்டவர். அத்தகையவர் வந்து பக்கத்தில் அமர்ந்தபின் முகந்திருப்பத் துணிந்தவர் யார்? அச்செயலுக்கு ஆன செலவு பத்தடி நடை. பண்டன் பெற்ற மூன்று பதக்கங்களையும் நாம் ஒரு தட்டில் வைத்து, அப்பத்தடி நடையை மறு தட்டில் வைத்தால், தராசு எப்பக்கம் சாயும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஃபிட்ஸ்ராய்க்காக டக்ளஸ் 1937 வரையில் 54 ஆட்டங்கள் ஆடினார். 1935-ல் விக்டோரியா மாகாணத்தின் சார்பாக ஆடத் தெரிந்தெடுக்கப்பட்டார். ஆதிக்குடிகளுள் அப்பெருமை பெற்ற முதல்வர் அவரே. 1938-ல் பழைய நார்த்கோட்டிற்குத் திரும்பினார். முழங்காலில் ஏற்பட்ட நோவு ஆட்டத்தை முடித்துவைத்தது. 1947-ல் அச்சங்கத்திற்குப் பயிற்சியாளராக மட்டும் மீண்டும் வந்தார்.

பந்தாட்ட வீரரின் வரலாறு இவ்விடத்தில் முடிவதே வழக்கம். இவர் வரலாறோ இங்கேதான் பெருகுகின்றது.

ஃபிட்ஸ்ராயில் சேர்ந்த அதே 1932-ல் அவர் நார்த்கோட்டிலுள்ள கிறிஸ்துவின் சபை ஆலயத்தில் விசுவாசத்தை அறிக்கை செய்து அச்சபையைச் சேர்ந்தார். நாளடைவில் பிரசங்கிக்கவும் தொடங்கினார். விங்கில் ஓடும் சிறிய மனிதர் என்ன பேசுவார் என்று பார்க்க வந்தவர்கள், தாங்கள் எதிர்பாராத செய்திகளையும் கேட்டுச் சென்றனர். தம் மக்கள் படும் பாட்டை அவர் மறைக்காது எடுத்துரைத்தார்.

அவருக்கு இவ்வழியைக் காட்டியவர் அவரது உறவினராகிய முதியவர் வில்லியம் கூப்பர். ஆசிரியர் ஜேம்ஸின் மைத்துனரும் இவரே. ஆதிக்குடிகளுக்குப் பாராளுமன்றத்தில் ஒரு பிரதிநிதி வேண்டும் என்று அரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, 1,814 பேரின் கையொப்பம் திரட்டினார் கூப்பர். ஆஸ்திரேலிய அரசாங்கம் அதனை அரசருக்கு அனுப்பவே இல்லை. வெள்ளையர் முதற்குடியேற்றத்தின் 150-ம் ஆண்டு விழாவைச் சிட்னி நகரம் கொண்டாடிய 1938 ஜனவரி 26-ந் தேதியன்று, அதே நகரத்தில் ஆதிக்குடிகள் துக்கநாள் கொண்டாடினர். அக்கூட்டத்தில் டக்ளஸும் பேசினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், நிர்வாகியின் கொடுமையைச் சகியாது, கம்மராகஞ்சா மக்கள் ஏறத்தாழ 200 பேர் ஊரைவிட்டு வெளியேறி, மர்ரே ஆற்றைக் கடந்து விக்டோரியாக் கரையில் தங்கினர். தம் ஊர் தன்னைத்தானே காலி செய்த அச்செய்தி டக்ளஸின் உள்ளத்தில் என்ன செய்திருக்கும் என்பதை நாம் எழுத்தில் வடிக்க வல்லமல்லேம். கூப்பர் 1941-ல் காலமானார். பாரம் இளையவர் தோள்மேல் இறங்கியது.

யுத்தகாலத்தில் டக்ளஸ் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார். ஆனால் 1942-ல் ஃபிட்ஸ்ராய்ப் பகுதிப் போலீசாரே அவரை விடுவித்துத் தரும்படி கேட்டுக்கொண்டனர். வேலை தேடி நகரத்திற்கு வந்து வறுமையிலும் குடியிலும் அகப்பட்டுத் தவித்த ஆதிக்குடிகளுக்கு நல்வழி காட்ட அவரையன்றி வேறெவரும் அவர்களுக்குத் தென்படவில்லை. தமக்கையைக் கொண்டுபோனவர்கள் போலீசார். தம்பியின் உதவியை நாடியவர்களும் போலீசார். கோர் வீதியில் ஒரு சிறு மிஷன் ஆலயம் ஏற்பட்டது. டக்ளஸ் அதன் போதகரானார். ஊரார் அவரைப் பாஸ்டர் டக் என்று அன்போடு அழைக்கலாயினர். அதே 1942-ம் ஆண்டின் இறுதியில், விபத்தொன்றில் இறந்துபோன தம் தமையனாரின் மனைவியாகிய கிளாடிஸ் அம்மையாரை மணந்து, தமையனாரின் பிள்ளைகளுக்குத் தாமே தந்தையானார். அவ்வம்மையாரின் தொண்டு தனியே எழுதத்தக்கது. நாட்டுப்புறத்தினின்று நகரத்திற்கு வேலைக்கு வந்த இளம்பெண்களுக்கு நார்த்கோட்டில் விடுதி நடத்தியவர் அவர். ஹில்டாவைப் பூட்டிவைத்த விடுதியையும், இவ்விடுதியையும் வாசகர்களே ஒப்புநோக்கிக்கொள்ளலாம்.

1957-ல் நிகழ்ந்த ஒன்று நாடறிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் வார்பர்ட்டன் மலைப்பகுதி மக்கள் பசியாலும் பிணியாலும் வாடுவதை அம்மாகாணச் சட்டசபை அங்கத்தினர் கிரேடன் என்பவரோடு சென்று டக்ளஸ் கண்டார். அங்கே ஒரு திரைப்படம் எடுக்கப்பட்டது. எலும்புந்தோலுமாயிருந்த குழந்தைகளைத் திரையில் கண்ட நகரமக்கள் கலங்கினர். அவ்வாண்டிலேயே ஆதிக்குடிகள் முன்னேற்றச் சங்கம் விக்டோரியாவில் தோன்றிற்று. டக்ளஸ் அதன் களப்பணியாளராகி ஊர்தோறும் சென்று பேசினார். 1967 மே மாதம் 27-ந் தேதி நடந்த பொதுஜன வாக்கெடுப்பில், ஆதிக்குடிகளையும் குடிக்கணக்கில் சேர்க்கவும் அவர்களுக்காக மத்திய அரசாங்கம் சட்டமியற்றவும் இடந்தரும் திருத்தத்தை நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் ஆதரித்தனர். இவ்வெண்ணிக்கை வானத்தினின்று விழுந்ததன்று. டக்ளஸைப் போன்றோர் பத்தாண்டுகள் ஆலயங்களிலும் மண்டபங்களிலும் தொண்டை வறளப் பேசியதன் விளைவு.

இடையே லேக் டையர்ஸ் என்னும் குடியிருப்பைப் பற்றிய போராட்டம் எழுந்தது. விக்டோரியா அரசாங்கம் அதனை மூடிவிட்டு மக்களைக் கலைத்துவிட எண்ணிற்று. டக்ளஸ் அப்போது அரசாங்கத்தின் ஆதிக்குடிகள் நலச்சபையில் அங்கத்தினராயிருந்தார். மென்மையான சுபாவம் உடையவர் என்று பெயர் பெற்ற அவர், 1963-ல் அப்பதவியைத் துறந்து வெளியே வந்தார். கடைசியில் 1971-ல் ஏறத்தாழ 4,000 ஏக்கர் கொண்ட அந்நிலம் அங்கு வாழ்ந்தோருக்கே உரிமையாக்கப்பட்டது.

அவரை எல்லோரும் ஒருமுகமாகப் புகழ்ந்தனர் என்று எழுதினால் அது மெய்யாகாது. 1960-க்களின் இறுதியில் எழுந்த இளைய தலைமுறையினர் சிலருக்கு அவரது பொறுமை பிடிக்கவில்லை. வெள்ளையரோடு சேர்ந்து உழைப்பதையும், அரசியாரின் பட்டங்களை ஏற்பதையும் அவர்கள் குறைகூறினர். அவ்விளைஞரின் கோபத்திற்குக் காரணமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். விண்ணப்பத்தை உறையிலேயே வைத்துப் புதைத்த அரசாங்கத்திடம் எத்தனை முறை விண்ணப்பிப்பது? ஆயினும், வேண்டியபோது பதவியை உதறிய மனிதரைப் பதவிக்கு ஆசைப்பட்டவர் என்றல் நியாயமன்று. ஒரு மக்கட்கூட்டத்திற்குக் கதவைத் தட்டுவோரும் வேண்டும், உடைப்போரும் வேண்டும் போலும். டக்ளஸ் தட்டும் வகையினர்.

பட்டங்கள் தாமே வந்தன. 1957-ல் எம். பி. இ., 1968-ல் ஓ. பி. இ.; 1972-ல் ஸர் பட்டம். ஆதிக்குடிகளுள் அப்பட்டம் பெற்ற முதல்வரும் அவரே. பின்னர் தென் ஆஸ்திரேலிய மாகாண முதன்மந்திரி டன்ஸ்டனின் பரிந்துரையால் அம்மாகாணத்தின் கவர்னராக நியமிக்கப்பெற்று, 1976 டிசம்பர் முதல் தேதி பதவியேற்றார். ஒரு காலத்தில் உடம்பைத் தொட ஆளில்லாதிருந்தவர் முன்னே இப்போது நீதிபதிகளும் தளபதிகளும் தலைவணங்கி நின்றனர். ஆனால் அப்பதவியில் அவர் ஐந்து மாதங்களே இருந்தார். 1977 ஜனவரியில் பக்கவாத நோய் கண்டது. ஏப்ரல் 30-ந் தேதி விலகிக்கொண்டார். கிளாடிஸ் அம்மையார் 1981-ல் மறைந்தார்.

மெல்போர்ணில் சட்டசபையை ஒட்டிய பூங்காவில் கணவன் மனைவி இருவரின் சிலைகளும் இன்று ஒருங்கே நிற்கின்றன. தலைநகராகிய கான்பெராவில் ஒரு பகுதிக்கு அவர் பெயர் இடப்பட்டுள்ளது. அவரை ஏற்ற ஃபிட்ஸ்ராய்ச் சங்கம் 1996-ல் பிரிஸ்பேன் சங்கத்தோடு இணைந்து தனிநிலை இழந்தது. ஆனால் 2016 முதல் ஆஸ்திரேலிய உதைபந்து லீகில் ஆண்டுதோறும் ஒரு சுற்று ஸர் டக் நிக்கல்ஸ் சுற்று என்னும் பெயரால் ஆடப்படுகின்றது. அச்சுற்றில் எல்லாச் சங்கத்தாரும் ஆதிக்குடி ஓவியர்கள் தீட்டிய கோலங்கள் பொறித்த சட்டைகளை அணிந்து களத்தில் இறங்குவர். கார்ல்டனும் அவ்வாறே.

அவர் 1988-ம் ஆண்டு ஜூன் மாதம் 4-ந் தேதி விக்டோரியாவிலுள்ள மூரூப்னா என்னும் ஊரில் உயிர் நீத்தார். அரசாங்க மரியாதையோடு ஆராதனை நடந்தது. பின்னர் அவர் உடலை மர்ரே ஆற்றைக் கடந்து எடுத்துச்சென்று கம்மராகஞ்சா இடுகாட்டில் அடக்கம் செய்தனர். அவர் பிறந்தபோது அரசாங்கத்திற்குச் சொந்தமாயிருந்த அந்நிலம், நான்காண்டுகளுக்கு முன்னர், 1984-ல், யோர்த்தா யோர்த்தா மக்களின் கைக்கே திரும்பியிருந்தது.